சம்பந்திப் பாட்டும் கிராமபோன் பிளேட்டும்

என் அம்மாவுக்குக் கோர்ட்டு, கச்சேரி, போலீஸ் எதைக் கண்டும் பயம் கிடையாது. ஜட்ஜும் எவளோ ஒருத்தி பெற்ற பிள்ளைதானே என்பாள். உலகத்தில் அவள் பயந்தது ஒரே ஒரு மனுஷிக்கு. அது என் அக்காவின் மாமியார். பயப்படுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதானே வழக்கம்? என் அம்மா அந்த மனுஷியைப் பற்றியே ஒரு பாட்டுக் கட்டினாள். அது கிராமபோன் பிளேட்டாகிச் சாலைக் கடைத்தெருவில் பாடப் போகிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் கரமனை அக்ரஹாரத்தில் அந்த நாளில் கல்யாணம் என்றால் நாலு நாள். நலங்கின்போது பெண் வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து சம்பந்தியைக் கேலி செய்து பாட வேண்டும். இஷ்டமிருந்தால் பாடலாம் என்பதல்ல, பாடியே ஆக வேண்டும். பாடாவிட்டால், 'எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை' என்று பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். பாடினால், 'இப்படியா வாய்க்கு வந்தபடி பாடுவார்கள்' என்று முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். எப்படியும் தூக்கப்போகிற முகந்தானே என்று எங்கள் தெருப் பெண்கள் துணிந்து பாடிவிடுவார்கள். கேலி எவ்வளவு காரமாக இருந்தாலும், கடைசி அடியில் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு, சம்பந்தியை நாலு நல்ல வார்த்தை சொல்லி முடிக்க வேண்டும். பந்தலைப் பிரிக்கிற அன்றைக்கே பாட்டும் போய்விடும். ஒருவரும் எழுதி வைப்பதில்லை. அடுத்த கல்யாணத்தில் அதே மெட்டுக்கு வேறு சம்பந்தி வந்து உட்காருவாள்.

இந்த வித்தையில் என் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் அவளைக் கூப்பிட்டுவிடுவார்கள். பிள்ளை வீட்டார் வண்டியை விட்டு இறங்கும்போதே அவள் கண் வேலையைத் தொடங்கிவிடும். யார் முதல் பந்தியில் இடம் பிடிக்கிறார், யார் பெட்டியை ஒருவரையும் தொடவிடாமல் தானே தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று பார்த்துக்கொண்டே நடப்பாள். சாயங்காலத்துக்குள் பாட்டுத் தயார்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் பெண்ணின் கல்யாணம் வந்தபோது வாய் எழவில்லை. பெண்ணைக் கொடுக்கிற இடம், ஏதாவது எசகுபிசகாகப் பாடிவிட்டால் நாளைக்கு அவள்தானே படுவாள் என்று பயம். அப்பாவிடம் யோசனை கேட்டாள். இம்மாதிரி விஷயம் வந்தால் அப்பா பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். போய்விட்டார்.

அம்மா அடங்கித்தான் இருந்தாள். ஆனால் சம்பந்தி மாமி வலியசாலையிலிருந்து கல்யாணத்துக்கு வரும்போது, பெட்டிக்குள் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் ஒரு காப்பி பில்டரை வைத்துக்கொண்டு வந்தாள். வலியசாலைக்கும் கரமனைக்கும் நடுவே நடந்து போகிற தூரம். பில்டர் இல்லாத தேசத்துக்கா வந்தாள்? போதாக்குறைக்கு, ஓமத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். அதற்கு மேலும் அடக்கிக்கொள்ள என் அம்மா ஒன்றும் முனிவர் இல்லை.

சம்பந்தி அம்மா வந்தாளாம் – தன்
பில்டரைப் பெட்டியில் கொண்டாளாம்
முதல் டிகாக்ஷன் இல்லேன்னா
முகூர்த்தம் தள்ளி வைப்பாளாம்!

ஓமத்து முன்னே உறங்கினாளாம்
ஓதின சாஸ்திரி மயங்கினாராம்
மந்திரம் எது, குறட்டை எதுன்னு
மாப்பிள்ளை கூடக் கலங்கினாராம்!

இப்படி இன்னும் ஓர் அடி. பந்தல் குலுங்கிற்று. மாமி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தாள். அப்படி வைத்துக்கொள்வதுதான் முறை. மாப்பிள்ளை, அதாவது என் அத்திம்பேர், சிரிப்பை அடக்க அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொண்டார். கடைசி அடியையும் பாடி மங்களமாக முடித்தார்கள். கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அக்கா வலியசாலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

நாங்கள் கவனிக்காத ஓர் ஆசாமி அந்தப் பந்தலில் இருந்தார். சாயங்காலக் கச்சேரிக்கு வந்த ஆர்மோனியக்காரர். நாடகக் கம்பெனிகளில் வாசித்துப் பழகியவர். ஒருதரம் காதில் விழுந்தால் போதும், பாட்டு அவர் விரலுக்குப் போய்விடும். கல்யாணம் முடிந்த கையோடு அவர் மதராசுக்குப் போய், ஒரு கிராமபோன் கம்பெனியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் சேர்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவர் வெறுங்கையோடு போகவில்லை.

நான் அப்போதுதான் கறுப்புக் கோட்டு மாட்டிய புது வக்கீல். வஞ்சியூர்க் கோர்ட்டில் ஒரு பெரிய வக்கீலுக்கு ஜூனியர். கட்சிக்காரன் இல்லாத வக்கீலுக்குக் காப்பி கிளப்பே கதி. சாலைக் கடைத்தெருவில் ஒரு காப்பி கிளப் முதலாளி, கூட்டம் சேர்வதற்காக ஒரு கிராமபோன் பெட்டி வாங்கி வாசலில் வைத்திருந்தார். ஆடி மாதம் முடிகிற சமயம் ஒருநாள் நான் அங்கே தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி கொஞ்சம் கரகரத்தது. பிறகு யாரோ ஒரு நாடகக்காரியின் கணீர்க் குரலில், "சம்பந்தி அம்மா வந்தாளாம்" என்று ஆரம்பித்தது. தோசை தொண்டையில் நின்றது. பில்டர் வந்தது, குறட்டை வந்தது, கிளப்பே சிரித்தது. பக்கத்து மேஜைக்காரர், "என் மாமியாரைப் பாத்தே எழுதின மாதிரி ஆக்கும்" என்று என் தோளில் தட்டினார். எழுந்து போய்ப் பிளேட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். பாடினவர் பெயர் இருந்தது, கம்பெனிப் பெயர் இருந்தது. பாட்டுக்கு எதிரே 'பழைய கலியாணப் பாட்டு' என்று போட்டிருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா பயந்து நடுங்குவாள் என்று எதிர்பார்த்தால், அவளுக்குக் கோபம் வந்தது.

"பழசா? போன சித்திரையில கட்டினது பழசா? எந்தக் கட்டையில போறவன் சொன்னான் பழசுன்னு?"

"அது போகட்டும். வலியசாலையில கேட்டா என்ன ஆகும்?" என்றேன்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காரணம், அக்கா அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள். ஆடிக்கு அழைத்து வந்திருந்தோம். ஆவணி பிறந்ததும் கொண்டுபோய் விட வேண்டும்.

வலியசாலையில் கேட்டுவிட்டார்கள். கேட்காமல் எப்படி இருக்கும்? ஆவணி முதல் வாரம் அத்திம்பேர் வந்தார். அவர் ஹஜூர் கச்சேரியில், அதாவது சர்க்கார் தலைமை ஆபீசில், குமாஸ்தா. மேலதிகாரிக்கும் பயப்படுவார், தன் அம்மாவுக்கும் பயப்படுவார். இருவரும் ஒரே நாளில் கூப்பிட்டால் அம்மாவிடம்தான் முதலில் ஓடுவார்.

"அம்மா கோவமா ஒண்ணும் பேசல்லை. பேசினாலாவது தேவலை," என்றார். "'அந்தப் பிளேட்டு நிக்கட்டும், அப்பறம் அவள் வரட்டும்'னு மட்டும் சொன்னா. எங்க தெருவுல என்னடான்னா, நீங்க பாட்டைக் கம்பெனிக்கு வித்துட்டேள்னு பறையறா."

"விக்கவாவது! அந்தப் பாட்டு என்னோடதுன்னு ஆரு சொன்னா?" என்றாள் அம்மா. "தெருவே கூடிப் பாடினது. அப்படியே போய்ச் சொல்லுங்கோ உங்க அம்மா கிட்ட."

'பழசு' என்றதற்குக் குதித்தவள், சம்பந்தி என்றதும் பாட்டே தன்னுடையதில்லை என்றுவிட்டாள். அத்திம்பேர் தலையை ஆட்டிவிட்டு, அக்காவை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் கரமனைக்கு வர ஆயிரம் சாக்குக் கண்டுபிடித்தார். ஒருநாள் ஆற்றில் குளிக்க வந்தேன் என்றார். வலியசாலையில் அன்றைக்குத் தண்ணீரே இல்லாமல் போய்விட்டது போலிருக்கிறது. அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். கட்டின பெட்டியைப் பிரிக்காமல் அறை மூலையில் வைத்திருந்தாள். ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தது. 'என்ன, பொண்ணு இன்னும் போகல்லையா?' என்று தெருவில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அக்காவைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஒரு பாட்டுக்காக ஒருத்தியின் குடித்தனம் நிற்பதா என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிளேட்டை வாங்கிக்கொண்டு என் பெரிய வக்கீலிடம் போனேன்.

அவர் நாஞ்சில் நாட்டுக்காரர். என்னைக் கிண்டல் செய்வது அவருக்கு வெற்றிலை போடுகிற மாதிரி, சாப்பிட்டதும் வேண்டும். பிளேட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"என்னவே, இது புஸ்தகமா? படியும் பாப்போம்."

"எப்படி சார் படிக்க முடியும்? கோடுதானே இருக்கு?"

"அதான் தகராறு. காப்பிரைட் சட்டம் எழுதினவன் அச்சாபீசைப் பாத்து எழுதியிருக்கான். புஸ்தகம்னா அவனுக்குத் தெரியும், நகல்னா தெரியும். இந்தத் தட்டை அவன் சொப்பனத்துலயும் கண்டிருக்க மாட்டான். பொறவு சீமையில புதுச் சட்டம் வந்து, ஊசி வச்சாப் பாடுக சாமானும் நகல்தான்னு சொல்லியாச்சு. அது ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நம்ம சமஸ்தானத்துக்குள்ள எவ்வளவு தூரம் வந்திருக்கு? பாடினது மதராசுல, தட்டு அடிச்சது வேற எங்கயோ, விக்கது சாலையில, பாட்டுப் பொறந்தது கரமனையில. எந்த ஊர்ச் சட்டத்துக்கு நான் தேங்கா உடைக்க?"

"மானநஷ்டம்னு போட்டா என்ன சார்?"

"குறட்டை விட்டது நெசந்தானே வே? எதிர்க்கட்சி வக்கீலு மாப்பிளையக் கூண்டுல ஏத்துவான். அந்தப் பையன் சத்தியம் பண்ணிட்டு என்ன சொல்லுவான், அதையும் யோசியும்."

யோசித்தேன். அத்திம்பேர் கூண்டில் நின்று அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொள்வதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த யோசனையைக் கைவிட்டேன். அதற்குள் கோர்ட்டில் மற்ற வக்கீல்களுக்கு விஷயம் எட்டி, எனக்குப் 'பாட்டு வக்கீல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. பாட்டுக்குச் சொந்தக்காரி அம்மாதான் என்று நிலைநாட்டி, அவள் பேரில் நோட்டீஸ் விட்டு விற்பனையைத் தடுக்க வேண்டும். சட்டம் எந்த அளவுக்குத் தாங்கும் என்பது பிறகு. முதலில் அம்மா, பாட்டு தன்னுடையது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். தெருவே கூடிப் பாடினது என்று வலியசாலைக்குச் சொல்லி அனுப்பினவளாயிற்றே! அரை மனதாக வந்தாள். பெரிய வக்கீல் அவளை மரியாதையாக நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டார்.

"மெட்டு யாரு போட்டதும்மா?"

"அது நாடகத்து மெட்டு. ஆரு போட்டாளோ. மெட்டுக்கு என்ன சொந்தக்காரன்? காத்துல வரது, எடுத்துக்கறது."

"ஓகோ. நீங்க எடுத்தாக் காத்துல வந்தது. ஆர்மோனியக்காரன் எடுத்தாத் திருட்டு. அப்படித்தான?"

அம்மா என்னை முறைத்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"சரி, பாட்டைப் பூராவும் சொல்லுங்க, எழுதிக்கிடுகேன்."

அம்மா இரண்டு அடி சொன்னாள். மூன்றாவதில் தடுமாறினாள். "அதுக்கப்பறம் என்னமோ வரும். கல்யாணம் ஆனப்பறமும் அதை ஆரு ஞாபகம் வச்சுக்கறா? சாப்பிட்டு எழுந்தா எலையை எடுத்துப் போடறாப்பலதானே? அப்பறம் எத்தனை கல்யாணத்துக்குப் பாடியாச்சு!"

"பிளேட்டுல இருக்கது உங்க பாட்டுன்னு நான் நிரூபிக்கணும். உங்களுக்கோ, பிளேட்டைக் கேட்டாத்தான் உங்க பாட்டே ஞாபகம் வருகு," என்றார் பெரிய வக்கீல். நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை அம்மா என்னோடு பேசவில்லை.

சாட்சிக்குத் தெருப் பெண்களைக் கேட்டுப் பார்த்தேன். எதிர் வீட்டு மாமி, பில்டரை முதலில் கண்டதே தான்தான் என்றாள். அடுத்த வீட்டு மாமி, குறட்டை அடி தன் வாயில் வந்தது, அம்மா அதை வாங்கிக்கொண்டாள் என்றாள். ஆளுக்கொரு சொல், ஆளுக்கொரு வரிசை. இவர்களைக் கூண்டில் ஏற்றினால் கோர்ட்டிலேயே ஒரு நலங்கு நடந்துவிடும். நான் சோர்ந்துபோய்ப் பெரிய வக்கீலிடம் சொன்னேன்.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "பாடினவங்க எல்லாம் மறந்தாச்சு. யாரைப் பத்திப் பாடினாங்களோ, அந்த அம்மாவைப் போய்க் கேளும். வசவு வாங்கினவங்களுக்கு வார்த்தை மறக்காது," என்றார்.

அன்றைக்கு வலியசாலைக்கு நடந்தபோது என் கால் பின்னுக்கே இழுத்தது. மாமி என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். அந்தப் பில்டரில் இறங்கிய காப்பிதான். முதல் டிகாக்ஷன். பிரமாதமாக இருந்தது. நன்றாயிருக்கிறது என்று சொன்னால் குத்திக் காட்டுவதாக ஆகிவிடும், சொல்லாவிட்டால் மரியாதையில்லை. தலையை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஆட்டிவைத்தேன். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னேன்.

மாமி பொறுமையாகக் கேட்டாள்.

"நான் வந்து சொன்னா அந்தப் பிளேட்டு நிக்குமோ?"

"நிறுத்தப் பாக்கலாம் மாமி."

"அப்போ உங்கம்மா என்ன சொல்லணும்? தானாக்கும் கட்டினதுன்னு சொல்லணுமோ?"

"ஆமா. சொல்லியாகணும்."

"எம் முகத்தைப் பாத்தா?"

"ஆமா மாமி."

"அப்படியானா வரேன். அதை எனக்குக் கேக்கணும்."

கோர்ட்டு விடுமுறை நாள் ஒன்றில் எல்லோரும் பெரிய வக்கீல் வீட்டு ஆபீஸ் அறையில் கூடினோம். அம்மாவும் அக்காவும் நானும் கரமனையிலிருந்து விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பி வந்தோம். மாமி அத்திம்பேரோடு வில்வண்டியில் வந்து இறங்கினாள். இரண்டு சம்பந்திகளும் அறையின் இரண்டு கோடியில் உட்கார்ந்து, சுவரிலிருந்த சட்டப் புத்தகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கதவோரம் நின்றாள். அத்திம்பேர் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் வாசலில் வண்டிக்காரனோடு பேசப் போய்விட்டார்.

பெரிய வக்கீல் எங்கிருந்தோ ஒரு கிராமபோன் பெட்டியை இரவல் வாங்கி வைத்திருந்தார். சாவி கொடுத்தபோது அவர் முகத்தில் சட்ட சம்பந்தமான கவலை எதுவும் தெரியவில்லை. பிளேட்டு சுற்றிற்று. அவர் ஊசியை எடுத்து எடுத்து வைத்து, "இப்படித்தான் பாடினாங்களா அம்மா?" என்று மாமியிடம் ஒவ்வோர் இடமாகக் கேட்டார்.

"பெட்டியில இல்லை, பெட்டிக்குள்ளேன்னு பாட வந்தா, அப்பறம் பெட்டியிலன்னு மாத்திண்டா," என்றாள் மாமி. அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அது உண்மைதான் போலிருக்கிறது.

அடுத்த வரி வந்ததும் மாமிக்கு ஆவேசம் வந்துவிட்டது. பாடின நாடகக்காரி 'மூணாம் டிகாக்ஷன்' என்று பாடியிருந்தாள்.

"மூணாம் டிகாக்ஷனா? நான் மூணாம் டிகாக்ஷன் குடிக்கறவளா? இவா பாடினது முதல் டிகாக்ஷன். முதல்! எழுதிக்கோங்கோ."

பெரிய வக்கீல் பரம சாந்தமாக எழுதிக்கொண்டார். குறட்டை அடியை மாமி ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். அம்மாவுக்கு நினைவில்லாத மூன்றாவது அடியையும் ஒப்பித்தாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிக்க முடியவில்லை.

"இந்தப் பாட்டைக் கட்டினது யாரு?" என்று கேட்டார் பெரிய வக்கீல்.

மாமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், பிரித்தாள். பிறகு, "நான்தான்," என்றாள். "நான்தான் கட்டினேன். மத்தவா ஒத்துப் பாடினா, அவ்வளவுதான்."

"அப்படிச் சொல்லுங்கோ மாமி," என்றாள் சம்பந்தி. "இத்தனை நாளா ஆரோ பாடினான்னுதானே சொல்லிண்டிருந்தேள்."

பிளேட்டு முடிந்து ஊசி வெறுமனே கரகரத்தது. பெரிய வக்கீல் அதைத் தூக்கி வைத்துவிட்டு, "அவ்வளவுதானே அம்மா பாட்டு?" என்றார்.

"அவ்வளவுதானா? கடைசி அடி எங்கே?" என்று மாமி கேட்டாள்.

"ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷந்தான் கொள்ளும். பாட்டு நீளம்னா வாலை நறுக்கிருவான்."

"வாலா? அதாக்கும் பாட்டு," என்றாள் மாமி. "மிச்சமெல்லாம் விளையாட்டு." பிறகு ஒருவரையும் பார்க்காமல், மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டு பாடினாள். சுருதியெல்லாம் சேரவில்லை.

சொன்னது எல்லாம் சும்மாச் சொன்னோம்
சுமந்து பெத்ததைத் தந்து நின்னோம்
பசிச்சா எம்பொண் வாய்விட்டுக் கேக்காது
பாத்துப் போடம்மா, அதுதான் சொன்னோம்.

பாடி முடித்து மாமியே சொன்னாள். "அந்த நாலு வரிக்காகத்தான் மத்ததை எல்லாம் சிரிச்சுண்டு கேட்டுண்டிருந்தேன். ஊர்ல இதுக்கு முன்னே என்னை நம்பி ஒருத்தரும் ஒண்ணும் ஒப்படைச்சதில்லை. பிளேட்டுல கேலி மட்டும் இருக்கு. கேக்கறவா என்ன நினைப்பா? இவளைப் பத்தி நல்லதா சொல்ல ஒரு வார்த்தை இல்லைன்னுதானே நினைப்பா? எனக்கு அதாக்கும் சங்கடம்."

இத்தனை நாளும் நாங்கள் பில்டருக்கும் குறட்டைக்கும் கோபித்துக்கொண்டாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்!

அம்மா மெதுவாகக் கேட்டாள். "இதை நானா கட்டினேன்?"

"நீங்கதான். கட்டினது நீங்க. வச்சுண்டிருக்கறது நான்."

பெரிய வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். முதல்தடவையாக அவர் கிண்டல் இல்லாமல் பேசிக் கேட்டேன். "விக்காதேன்னு தடை கேக்கலாம், நஷ்டஈடு கேக்கலாம். விட்டுப்போன நாலு வரியச் சேத்துப் பாடுன்னு கேக்கதுக்குச் சட்டத்துல இடமில்லம்மா."

நோட்டீஸ் போயிற்று. பழைய பாட்டுக்கு யாரும் பட்டா போட முடியாது என்று கம்பெனி பதில் சொல்லிற்று. அதற்குள் டாக்கிப் பாட்டுகள் வந்து மொய்த்துக்கொண்டதால், அந்தப் பிளேட்டை வாங்குவாரும் இல்லை, கேட்பாரும் இல்லை என்று ஆகி, வழக்கு போடாமலேயே தீர்ந்துபோயிற்று. நான் பிறகு இந்தச் சட்டத்தை விடாமல் படித்து வந்தேன். புத்தகத்துக்கு இருந்த சட்டம் பிளேட்டைத் துரத்திக்கொண்டு ஓடிற்று. பிளேட்டைப் பிடித்து மூச்சு வாங்குவதற்குள் டாக்கி வந்தது, அதைப் பிடிப்பதற்குள் ரேடியோ வந்தது. எழுதினவனின் எழுத்தை வெட்டிச் சிதைத்தால் அவன் கேட்பதற்குக்கூடப் பின்னாளில் வழி செய்தார்கள். தன்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தையை வெட்டிவிட்டார்கள் என்று ஒருவர் கேட்பதற்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் நான் வழியைக் காணவில்லை.

அதெல்லாம் பின்னால். அன்றைக்கு, எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டு முடிந்ததும் மாமி எழுந்தாள். பிளேட்டு நிற்குமா நிற்காதா என்று அவள் கேட்கவில்லை. அக்காவை அழைத்துக்கொள்வாளா மாட்டாளா என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா வாயைத் திறந்து கேட்கத் தைரியம் இல்லாமல் நின்றாள். மாமி வண்டியைப் பார்த்து நடந்தவள், கதவருகே அக்காவின் முன்னால் நின்று, அவள் முகவாயைத் தொட்டு நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இவள் காலம்பறலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல்லை. உங்களுக்கெல்லாம் தெரியல்லையா?"

தெரியவில்லை. விடியற்காலையில் நானும் அம்மாவும் ஆளுக்கு இரண்டு இட்டலியை விழுங்கிவிட்டுத்தான் வண்டி பிடித்தோம். அக்கா சாப்பிட்டாளா என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"ஆத்துல சாதம் வடிச்சு வச்சுட்டு வந்திருக்கேன். பெட்டியை அப்பறமா அனுப்புங்கோ," என்று சொல்லிவிட்டு, மாமி அக்காவின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. எந்தச் சம்பந்திக்கும் நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுகிற என் அம்மாவுக்கு அன்றைக்குச் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை.